சிட்டுக்குருவிகள் பிடித்துக்கொண்ட கூண்டுக்குப் பர்ப்பிள் மார்ட்டின்களை வரவழைப்பது எப்படி?

ஹூஸ்டனை ஒட்டிய புறநகரில் வீடு வாங்கி, பின்புறத்தில் பன்னிரண்டு அறைகள் கொண்ட அலுமினியப் பறவைக் கூண்டொன்றை ஜனவரியில் கம்பத்தில் ஏற்றியதாகவும், பர்ப்பிள் மார்ட்டின்களுக்காக வைத்த அதில் பிப்ரவரி முடிவதற்குள் சிட்டுக்குருவிகள் குடியேறிவிட்டதாகவும், மார்ட்டின்கள் ஓரிரு முறை வந்து வட்டமிட்டுவிட்டுப் போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குருவிகளைத் தொந்தரவு செய்யாமலே மார்ட்டின்களை அழைக்க வழியுண்டா என்பது உங்கள் முதல் கேள்வி. நுழைதுளையின் அளவை மாற்றினால் போதுமா என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

போதாது. பர்ப்பிள் மார்ட்டின் வட அமெரிக்கத் தகைவிலான்களிலேயே பெரியது. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமும் 50 முதல் 60 கிராம் வரை எடையும் உள்ள பறவை. சிட்டுக்குருவியின் எடை ஏறக்குறைய அதில் பாதி. ஒன்றேகால் அங்குலத் துளை கிடைத்தாலே உடலைக் குறுக்கி நுழைந்துவிடக்கூடிய குருவிக்கு, மார்ட்டினுக்காக இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலாக வெட்டிய வட்டத் துளை எந்தத் தடையும் இல்லை. மார்ட்டின் நுழையக்கூடிய எந்தத் துளையிலும் குருவியும் நுழையும். கடைகளில் கிடைக்கும் பிறைநிலா வடிவத் துளைகள் ஸ்டார்லிங்குகளைத் தடுப்பதற்காக உருவானவை. நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய ஸ்டார்லிங்கின் உடல் மார்ட்டினுடையதைவிடப் பருத்தது என்பதால், ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரமும் மூன்று அங்குல அகலமும் உள்ள பிறைத் துளைக்குள் அதனால் புக முடிவதில்லை. மார்ட்டினோ உடலைத் தாழ்த்தித் தவழ்ந்து உள்ளே போய்விடும். அறைக்குள் புகும் ஸ்டார்லிங் முட்டை, குஞ்சு ஆகியவற்றோடு நில்லாமல், உள்ளே அகப்பட்ட மார்ட்டினையே குத்திக் கொன்றுவிடும். ஆகவே உங்கள் பகுதியில் இந்தப் பிறைத் துளைக் கதவுகளைக் கட்டாயம் பொருத்தச் சொல்வேன். பொருத்தும்போது துளையின் அடிவிளிம்பு முன்தளத்தோடு ஏறக்குறைய ஒட்டியிருக்க வேண்டும். சற்று உயர்ந்துவிட்டாலும் ஸ்டார்லிங் நுழைய வழி கிடைத்துவிடும். குருவிச் சிக்கலை மட்டும் இந்தக் கதவு தீர்க்காது.

இனி முதல் கேள்வி. குருவிகளை அப்படியே இருக்கவிட்டு மார்ட்டின்களை வரவழைப்பது, ஏற்கெனவே மார்ட்டின்கள் பல ஆண்டுகளாகக் கூட்டமாக வாழ்ந்துவரும் இடத்தில்கூடக் கடினம். புதிய இடத்தில் பெரும்பாலும் நடவாத காரியம். ஏன் என்பதற்கு இரண்டு பறவைகளின் இயல்பையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண் சிட்டுக்குருவிக்குத் துணையைவிடப் பொந்தின் மீதுதான் பற்று அதிகம். ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு அதன் வாசலில் அமர்ந்து நாள் முழுவதும் கத்தும். துணை இறந்தாலும் பறந்துபோனாலும் அது இடத்தை விடாது. வேறொரு பெண்ணை அழைத்துக்கொள்ளும். பன்னிரண்டு அறைகள் இருந்தால் ஒன்றோடு நிறைவடையாமல் பக்கத்து அறைகளிலும் வைக்கோலைத் திணித்து வைக்கும். பக்கத்து அறையில் வேறு பறவை முட்டையிட்டால் உள்ளே போய்க் குத்தி உடைக்கும், குஞ்சுகளை இழுத்து வெளியே தள்ளும். பழகிய இடத்துக்குத் திரும்பிய வயதுமுதிர்ந்த மார்ட்டின், தன்னைவிடச் சிறிய இந்த எதிரியைச் சண்டையிட்டு விரட்டக்கூடும். ஆனால் உங்கள் கூண்டுக்கு வரக்கூடியவை அப்படிப்பட்ட பறவைகள் அல்ல.

இந்த இடத்தில்தான் பலருடைய கணக்கு தவறுகிறது. ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் டெக்சாஸ் வளைகுடாக் கரைக்கு வந்துசேரும் முதல் மார்ட்டின்களை 'ஒற்றர்கள்' என்று இங்கே அழைக்கிறார்கள். கூட்டத்துக்காக இடம் பார்த்துச் சொல்ல முன்னால் வருபவை அவை என்ற நம்பிக்கையிலிருந்து வந்த பெயர் அது. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. அவை வயதுமுதிர்ந்த பறவைகள். சென்ற ஆண்டு தாம் கூடுகட்டிய அதே கம்பத்தை, அதே அறைகளைத் தேடி விரைந்து வருபவை. எவ்வளவு விரைவு என்பதைக் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்ஜெட் ஸ்டட்ச்பரியின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வெளிச்சத்தின் அளவைப் பதிந்து பறவை சென்ற வழியைக் காட்டும் சிறு கருவி முதுகில் பொருத்தப்பட்ட ஒரு பெண் மார்ட்டின், பிரேசிலிலிருந்து பென்சில்வேனியாவில் உள்ள தன் கூட்டுக்கு 13 நாட்களில் திரும்பியிருந்தது. அப்படி வீடு நோக்கிப் பறக்கும் பறவை உங்கள் புதுக் கூண்டின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும், அமர்ந்துகூடப் பார்க்கும், பின்பு தன் வழியே போய்விடும். பிப்ரவரியில் நீங்கள் கண்டவை பெரும்பாலும் இவையே. குருவிகள் இல்லாதிருந்தாலும் அவை தங்கியிருக்கும் என்று எண்ணக் காரணமில்லை.

புதிய இடங்களில் குடியேறுபவை, சென்ற ஆண்டு பிறந்து இந்த ஆண்டு முதன்முறையாகக் கூடுகட்டத் திரும்பும் இளம் பறவைகள். தமக்கென்று இடம் இல்லாதவை. முதிர்ந்தவை வந்து நான்கைந்து வாரங்கள் கழித்தே இவை வரத்தொடங்கும். உங்கள் பகுதியில் மார்ச் மாத நடுவிலிருந்து மே வரை சிறுசிறு அலைகளாக வந்துகொண்டிருக்கும். அடையாளம் காண்பது எளிது. முதிர்ந்த ஆண் உடல் முழுவதும் கருநீலப் பளபளப்போடு இருக்கும். ஓராண்டு நிறைந்த ஆணுக்கு அந்த நிறம் இன்னும் வந்திராது, வெளிறிய வயிற்றில் அங்கங்கே கருந்திட்டுகள் மட்டும் தெரியும், ஏறக்குறைய பெண் பறவையைப் போலவே இருக்கும். அனுபவமற்ற இந்த இளம் பறவைகள் வந்து எட்டிப்பார்க்கும் வேளையில் கூண்டின் நெற்றியில் ஒரே ஒரு ஆண் குருவி உட்கார்ந்து பொந்தைக் காத்துக்கொண்டிருந்தால்கூட அவை அடுத்த இடம் பார்க்கப் போய்விடக்கூடும்.

ஜனவரியில் கூண்டைத் திறந்து வைத்ததால் வேண்டிய பறவை வருவதற்கு இரண்டு மாதங்கள் முன்பே, வலசை போகாமல் ஆண்டு முழுவதும் அங்கேயே திரியும் குருவிக்குத்தான் இடம் கிடைத்தது. புதிய கூண்டை இளம் பறவைகள் வரும் காலம்வரை மூடியே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த விஷயத்தில் நான் சொல்லக்கூடியவற்றுள் முதன்மையானது. மற்ற எந்த உபாயமும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. அறைகளுக்கான அடைப்பான்கள் கூண்டோடு வந்திருக்கும். இல்லாவிட்டால் காகிதக் குவளையைத் துளையில் இறுகச் செருகலாம், அல்லது கூண்டையே கார்ஷெட்டில் வைத்திருந்து நேரம் வந்தபின் ஏற்றலாம். ஹூஸ்டனுக்கு மார்ச் மாதத்தின் முதல் பாதி முடியும் நேரம் பொருத்தமானது. அப்போதும் பன்னிரண்டு அறைகளையும் திறக்காமல் மூன்று நான்கை மட்டும் திறந்தால் கண்காணிப்பது எளிது. இதை வேறு மாநிலங்களிலிருந்து படிப்பவர்கள் தங்கள் ஊருக்கு முதல் மார்ட்டின் வரும் நாளிலிருந்து நான்கைந்து வாரங்களைக் கூட்டிக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஃப்ளோரிடாவில் ஜனவரி நடுவிலேயே முதல் பறவை வந்துவிடும், கனடா எல்லையை ஒட்டிய மாநிலங்களில் ஏப்ரல் இறுதியும் ஆகலாம்.

இந்த ஆண்டு பருவம் கைநழுவிவிடவில்லை. இளம் பறவைகள் வரும் காலம் இன்னும் இருக்கிறது. ஆனால் கூண்டு குருவிகளின் கையில் இருக்கிறது. முதலில் அதைக் கீழே இறக்கி ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்க்க வேண்டும். கலைப்பதற்கு முன் யாருடைய கூடு என்று உறுதி செய்துகொள்வது சட்டப்படியும் கட்டாயம். உலர்ந்த புல், இறகு, நூல், காகிதத் துண்டு, பிளாஸ்டிக் என்று கிடைத்ததையெல்லாம் திணித்து, மேலே கூரைபோல மூடிக்கொண்டு, பக்கவாட்டில் வழி வைத்திருந்தால் அது குருவிக் கூடு; முட்டைகள் வெண்சாம்பல் நிறத்தில் பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். மார்ட்டினின் கூடு தட்டையானது. சுள்ளியும் மண்ணும் புல்லும் சேர்த்து, மேலே பச்சை இலைகளைப் பரப்பியிருக்கும். முட்டைகள் தூய வெள்ளை. மென்புல்லால் மட்டும் ஆன கிண்ணத்தில் இளநீல முட்டைகள் இருந்தால் நீலப்பறவை. அறை நிறையச் சுள்ளிகள் இருந்தால் ரென் என்ற சிறு பறவையாக இருக்கலாம். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை உடன்படிக்கைச் சட்டம் மார்ட்டின், நீலப்பறவை, ரென் உள்ளிட்ட இந்நாட்டுப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பாதுகாக்கிறது. அவற்றை அகற்றுவதும் அழிப்பதும் குற்றம். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. டெக்சாஸ் மாநிலச் சட்டமும் அவற்றைப் பாதுகாப்பதில்லை.

குருவிக் கூட்டைக் கலைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். கலைத்த மறுநாளே ஆண் குருவி மீண்டும் புல்லைக் கொண்டுவரும். நீங்கள் கலைக்கக் கலைக்க அது கட்டிக்கொண்டேயிருக்கும். அதைவிடப் பெரிய தீங்கு, கூட்டை இழந்த குருவி பக்கத்து அறைகளில் உள்ள மற்றப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தாக்கத் தொடங்குவது. ஆகவே கூண்டில் மார்ட்டின் இல்லாத இப்போதைய நிலையில் கலைப்பதால் கெடுதல் இல்லை. மார்ட்டின் வந்து முட்டையிட்டபின் குருவிக் கூட்டை மட்டும் அகற்றிவிட்டுக் குருவியை விட்டுவைப்பது ஆபத்தானது. தீர்வு அந்த ஆண் குருவியை அகற்றுவதுதான். அறைக்குள்ளேயே வைக்கக்கூடிய பொறிகள் கிடைக்கின்றன: குருவி உள்ளே வந்து நெம்பை மிதித்தவுடன் துளை மூடிக்கொள்ளும். அது எந்த அறையைத் தனதாக்கிக்கொண்டிருக்கிறதோ அந்த அறையில், அதன் கூட்டுப் புல்லில் ஒரு பிடியை விட்டுவைத்துப் பொறியைப் பொருத்தினால் பெரும்பாலும் அன்றே சிக்கிவிடும். பொறி வைத்த நாளில் நீங்கள் வீட்டில் இருந்து மணிக்கொரு முறையாவது பார்க்க வேண்டும். டெக்சாஸ் வெயிலில் அலுமினியப் பெட்டிக்குள் அடைபட்ட எந்தப் பறவையும் நெடுநேரம் தாங்காது. வேறு பறவை சிக்கியிருந்தால் உடனே விட்டுவிட வேண்டும். சாம்பல் உச்சந்தலை, கருந்தொண்டை, செம்பழுப்புப் பிடரி என்ற மூன்றும் சேர்ந்திருப்பது ஆண் சிட்டுக்குருவி. நமக்கு நன்கு தெரிந்த பறவை என்பதால் இதில் பிழை நேர வாய்ப்புக் குறைவு. நஞ்சும் பசைப்பொறியும் எக்காரணத்தாலும் கூடாது; அவை இன்ன பறவை என்று பார்ப்பதில்லை.

பிடித்த குருவியை என்ன செய்வது என்பதில்தான் நம்மவர்களுக்குக் கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. கூரை இடுக்கில் குருவி கூடுகட்டினால் கலைப்பது பாவம் என்று கேட்டு வளர்ந்திருக்கிறோம். தமிழ்நாட்டின் நகரங்களில் குருவி அருகிவருவதைக் கண்டு, மார்ச் 20ஆம் நாளை உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கடைப்பிடித்து, பள்ளிப் பிள்ளைகள் அதற்குப் பெட்டி செய்து மாட்டுகிறார்கள். அதே பறவையை இங்கே பொறிவைத்துப் பிடிப்பது முரணாகத் தோன்றும். ஆனால் நியூயார்க்கின் புரூக்ளினில் 1850களின் தொடக்கத்தில் மனிதர்கள் கொண்டுவந்து விட்ட பறவை இது. ஸ்டார்லிங் 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் விடப்பட்டது. மரப்பொந்துகளை நம்பி வாழ்ந்த இந்நாட்டுப் பறவைகள், தாம் போட்டியிட்டுப் பழகாத இந்த இரண்டையும் எதிர்கொள்ள நேர்ந்தது மனிதர் செய்த வினை. மார்ட்டின் நிலை இன்னும் இக்கட்டானது. சோக்டா, சிக்கசா முதலிய பழங்குடி மக்கள் காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் குடைந்து மரக்கிளைகளிலும் கம்புகளிலும் தொங்கவிட்டு அதற்கு இடம் தந்துவந்தார்கள். அந்தப் பழக்கம் பின்னால் வந்த குடியேறிகளுக்கும் பரவி, இன்று ராக்கி மலைகளுக்குக் கிழக்கே வாழும் மார்ட்டின்கள் ஏறக்குறைய முழுவதுமாக மனிதர் வைக்கும் கூண்டுகளிலேயே இனப்பெருக்கம் செய்கின்றன. மேற்கே அரிசோனாவின் சகுவாரோ கள்ளிகளில் மரங்கொத்தி குடைந்த பொந்துகளில் வாழும் மார்ட்டின்களுக்கு உள்ள மாற்றுவழி கிழக்கில் உள்ளவற்றுக்கு இல்லை. குருவிக்கு உங்கள் வீட்டுத் துணி உலர்த்தியின் புகைவழியும் கடைப் பெயர்ப்பலகையின் பின்புறமும் போதும்.

பிடித்த குருவியைத் தொலைவில் கொண்டுபோய் விடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். திரும்பி வரும், அல்லது இன்னொருவர் கூண்டுக்குப் போகும். காயம்பட்ட பருந்து, ஆந்தைகளைப் பேணும் மறுவாழ்வு மையங்கள் சில, இரைக்காகக் குருவிகளை ஏற்றுக்கொள்வதுண்டு. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, எந்த முறையில் ஏற்பார்கள் என்பதை அறிந்துகொள்ளலாம். உயிர்க்கொலை வேண்டாம் என்பவர்களுக்கு ஓர் இடைவழி உண்டு: குருவி இட்ட முட்டைகளைப் பொரியாதவையாக ஆக்கி அதே கூட்டில் வைத்துவிட்டால், பெண் குருவி அவற்றின் மேல் அமர்ந்து சில வாரங்களைக் கழிக்கும், புதிய குஞ்சுகள் பெருகா. ஆனால் ஆண் குருவி வாசலில் காவல் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், மார்ட்டினை வரவழைக்க இது உதவாது. இவற்றில் எதுவும் மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் கூண்டை இறக்கிவிடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். பராமரிக்கப்படாத மார்ட்டின் கூண்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈடு குருவிகளைப் பொரித்து அக்கம்பக்கத்தில் உள்ள எல்லாப் பொந்துப் பறவைகளுக்கும் கேடு செய்யும். அதற்குப் பதிலாக ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைந்த, சரியாகச் சொன்னால் ஒன்றும் எட்டில் ஒரு பங்கும் அங்குலம் விட்டமுள்ள துளையோடு சிறு பெட்டியொன்றை வைத்தால், குருவி நுழைய முடியாத அந்த இடத்தில் கரோலினா சிக்கடி குடியேறலாம். அதுவும் அழகிய பறவைதான்.

தொடர முடிவு செய்தால், குருவி உங்கள் தோட்டத்தை விரும்பக் காரணமானவற்றைக் குறைப்பது அடுத்த வேலை. மலிவான கலவைத் தானியப் பொட்டலங்களில் உள்ள தினையும் உடைத்த சோளமும் குருவிக்கு மிகவும் பிடித்தவை. அவற்றை நிறுத்திவிட்டுக் குசும்பப்பூ விதைக்கு மாறினால் கார்டினல் வரும், குருவி குறையும். நம் வீடுகளுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். காக்கைக்கென்று அமாவாசையிலும் மற்ற நாட்களிலும் பின்புறச் சுவரில் வைக்கும் சோறு, அரிசி களைந்தபின் கொட்டும் நொய், மொட்டை மாடிப் பழக்கத்தில் முற்றத்தில் காயவைக்கும் தானியம் ஆகிய எல்லாம் இங்கே குருவிக்கு அழைப்புத்தான். வழக்கத்தை விட முடியாதவர்கள் சோற்றை வைத்துச் சிறிது நேரத்தில் எடுத்துவிடலாம். நாய்க்கு வைத்த உணவையும் வெளியே விட்டுவைக்க வேண்டாம். உலர்த்திப் புகைவழிக்குக் கம்பிவலை போடுங்கள்.

கூண்டு நிற்கும் இடத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதையும் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலோர் 'பறவைக்குத் தனிமை வேண்டும்' என்று எண்ணி வேலியோரத்தில் மரத்தடியில் நடுகிறார்கள். மார்ட்டினுக்கு வேண்டியது நேர்மாறானது. மனிதர் நடமாட்டம் உள்ள இடத்தில் பருந்தும் ஆந்தையும் தயங்கும் என்பதாலோ என்னவோ, வீட்டிலிருந்து 30 முதல் 120 அடிக்குள் இருக்கும் கூண்டுகளையே அது விரும்புகிறது. ஆனால் எந்தத் திசையிலும் 40 அடிக்குள் கூண்டைவிட உயர்ந்த மரம் இருக்கக் கூடாது. 60 அடி கிடைத்தால் இன்னும் நல்லது. வேகமாக வந்து சறுக்கி இறங்கும் பறவைக்குத் திறந்த வான்வழி வேண்டும். ஹூஸ்டன் புறநகர்களில் வெள்ளநீருக்காக வெட்டப்பட்ட தேக்கக் குளங்கள் பல உள்ளன. வீட்டின் பின்புறம் அப்படியொரு குளத்தைப் பார்த்தபடி அமைந்திருந்தால் அந்தப் பக்கத் திறப்பு மிகப் பொருத்தமானது. சிறிய மனையில் மரங்கள் நெருங்கி நின்றால் எவ்வளவு முயன்றாலும் மார்ட்டின் வராது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் குருவியைக் குறைசொல்லிப் பயனில்லை. கம்பம் 12 முதல் 15 அடி உயரம் இருக்கட்டும். குடியிருப்போர் சங்கத்தின் விதிகளில் கம்ப உயரத்துக்கு வரம்பு உண்டா என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வகை அலுமினியக் கூண்டுகளில் அறை ஆறு அங்குல நீளமும் ஆறு அங்குல அகலமும்தான் இருக்கும். மார்ட்டின் அதிலும் கூடுகட்டும். ஆனால் வாசலிலிருந்து கையெட்டும் தூரத்தில் குஞ்சுகள் இருப்பதால் ஆந்தைக்கு எளிதாகிவிடுகிறது, மழைச் சாரலும் உள்ளே வரும். இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள தகட்டை எடுத்துவிட்டு, பன்னிரண்டு அங்குல ஆழமுள்ள ஆறு அறைகளாக மாற்றிவிடுவதையே விரும்புவேன். அதே கம்பத்தில் குறுக்குத் தண்டு பொருத்தி, வெள்ளை நிற பிளாஸ்டிக் சுரைக்குடுக்கைகள் நான்கைத் தொங்கவிடலாம். விசாலமான அவற்றை மார்ட்டின்கள் மிகவும் விரும்புகின்றன. வெள்ளை நிறம் வெப்பத்தையும் குறைக்கும். எந்த வகையானாலும், கப்பியும் கயிறும் அல்லது கைச்சுழற்றியும் கொண்டு நேராகக் கீழே இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஏணி வைத்து ஏறிப் பார்க்கவேண்டிய கூண்டை இரண்டு வாரத்துக்குப்பின் யாரும் பார்ப்பதில்லை. அங்கே குருவிகள்தான் பெருகும்.

அழைப்பதற்கான வழிகளில் பயன் தருவது விடியற்பாட்டு. முதிர்ந்த ஆண் மார்ட்டின்கள் விடிவதற்கு முன்பே உயரப் பறந்து நெடுநேரம் பாடும்; இருளில் மேலே கடந்துபோகும் இளம் பறவைகளை அந்தப் பாட்டு கீழே ஈர்க்கிறது. பென்சில்வேனியாவின் ஈரி நகரில் இயங்கும் பர்ப்பிள் மார்ட்டின் பாதுகாப்புச் சங்கம், 1987இல் தொடங்கப்பட்டது, இந்தப் பாட்டின் பதிவைப் பரப்பிவருகிறது. இளம் பறவைகள் வரும் வாரங்களில் அதிகாலை நான்கு மணியிலிருந்து விடியும்வரை கம்பத்தடியில் ஒலிக்கவிடலாம். பக்கத்து வீட்டார் உறக்கத்தைக் கருதி ஒலியை அளவாக வையுங்கள். கூண்டின் மேல் ஒன்றிரண்டு பொம்மை மார்ட்டின்களை அமர்த்துவது ஓரளவு உதவும். உலர்த்தி நொறுக்கிய முட்டை ஓட்டைத் திறந்த தட்டில் வைத்தால் சுண்ணாம்புச் சத்துக்காக அருகில் உள்ள மார்ட்டின்கள் வந்து பழகும். அருகில் ஈர மண் இருப்பது கூடுகட்டும் நாட்களில் பயன்படும்.

கம்பத்தில் பாம்புத் தடுப்பு இல்லாமல் மார்ட்டினை அழைப்பது பொறுப்பற்ற செயல். டெக்சாஸ் எலிப்பாம்பு வழுவழுப்பான உலோகக் கம்பத்திலும் ஏறும். ஓரிரவில் கூண்டையே காலி செய்துவிடும். ரக்கூனும் அப்படியே. அகன்ற உலோகக் குழாய்த் தடுப்பைக் கம்பத்தின் நடுப்பகுதியில் பொருத்த வேண்டும். தீயெறும்புகள் ஏறிவந்து குஞ்சுகளைக் கடித்துக் கொல்வதும் உங்கள் பகுதியில் வழக்கம். தடுப்புக்குக் கீழே கம்பத்தைச் சுற்றிக் கெட்டியான கிரீஸைப் பட்டையாகப் பூசி, பருவம் முழுவதும் உலராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இணை வந்துவிட்டால் குருவிக் கண்காணிப்பை நிறுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. உண்மையில் அந்த வாரங்களில்தான் குருவி மிக ஆபத்தானது. வாரம் ஒருமுறை, வெயில் ஏறாத வேளையில் கூண்டை இறக்கி எல்லா அறைகளையும் பாருங்கள். மனிதர் கைபட்டால் தாய்ப்பறவை கூட்டைத் துறந்துவிடும் என்ற அச்சம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மார்ட்டினைப் பொறுத்தவரை அது வேண்டாத அச்சம், முட்டைகளை எண்ணினாலும் குஞ்சுகளைத் தொட்டுப் பார்த்தாலும் அவை திரும்பி வரும். நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். பதினைந்து பதினாறு நாட்களில் பொரிக்கும். குஞ்சுகள் 26 முதல் 32 நாட்களில் வெளியே பறக்கும். பொரித்த நாளை எழுதி வைத்துக்கொண்டு, குஞ்சுகளுக்கு 22 நாட்கள் ஆனபின் அந்த அறையைத் திறக்காதீர்கள். பறக்கத் தெரியாத நிலையிலேயே குதித்துவிடும்.

கொசு குறையும் என்று எதிர்பார்ப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒரு மார்ட்டின் நாளுக்கு 2,000 கொசு தின்னும் என்ற விளம்பரம் இல்லினாய் மாநிலத்தின் கிரிக்ஸ்வில் என்ற சிற்றூரில் அலுமினியக் கூண்டுகள் தயாரிக்கத் தொடங்கிய 1960களில் பரவியது. மார்ட்டின் பகலில், உயரத்தில் இரைதேடும் பறவை. கொசு அந்தியில், தரையை ஒட்டித் திரிவது. தும்பியும் வண்டும் பறக்கும் எறும்புகளுமே அதற்கு உணவு. தீயெறும்பின் இறக்கை முளைத்த இராணிகளைப் பெருமளவில் பிடித்துத் தின்னும் என்பது டெக்சாஸ்காரர்களுக்கு ஓரளவு ஆறுதல்.

இந்தப் பருவத்தில் யாரும் குடியேறாவிட்டாலும் ஜூன் இறுதிவரையாவது, முடிந்தால் ஜூலை வரை, கூண்டைக் குருவியில்லாமல் திறந்து வையுங்கள். கூட்டைவிட்டு வந்த இளம் பறவைகள் தென்னமெரிக்காவுக்குக் கிளம்புமுன் அடுத்த ஆண்டுக்கான இடங்களைப் பார்த்துவைக்கும் காலம் அது. ஜூலையில் ஒரு மாலை ஸ்டாஃபோர்டில் உள்ள ஃபவுண்டன்ஸ் வணிக வளாகத்துக்குப் போய்வந்தால், வலசைக்கு முன் அங்கே மரங்களில் வந்து அடையும் மார்ட்டின் கூட்டத்தைக் காண வாய்ப்புண்டு. இளம் பறவைக்கும் முதிர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் பழகிவிடும். ஆகஸ்ட் பிறந்ததும் கூண்டை இறக்கிக் கழுவி, அறைகளை அடைத்துவிடுங்கள். திறந்திருக்கும் அறைகளில் குருவிகள் குளிர்காலம் முழுவதும் இரவு தங்கி, பிப்ரவரியில் அதையே தம் கூடாக்கிக்கொள்ளும்.